ஒப்பரேஷனும் மயக்க மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் சத்திரசிகிச்சைக் கூடத்தில், அதாவது தியேட்டரில், தாதியாக நின்றவள் நான். இப்போது ஓய்வு பெற்று திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் மீன் வாங்கப் போகும்போதோ, பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதோ யாராவது ஒருவர் "மிஸ், ஒரு விசயம் கேக்கவேணும்" என்று மறித்துவிடுவார். கத்தி வைக்கும் டொக்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பயமெல்லாம் மயக்க மருந்தில்தான். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். நான் டொக்டர் இல்லை. ஒரு குளிசையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை உங்களைப் பார்க்கும் டொக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம், எதை மறைக்கக்கூடாது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

மயக்க மருந்து எண்டா நித்திரைக் குளிசையைக் கூட்டிக் குடுக்கிறதுதானே?

இல்லை. நித்திரையில் இருப்பவரைக் கிள்ளினால் எழும்புவார். நுளம்பு கடித்தால் கை தானாகப் போய் அடிக்கும். முழு மயக்கத்தில் வயிற்றைத் திறந்தாலும் உடம்பு அசையாது, மனதில் ஒன்றும் பதியாது. இதற்கு ஒரு மருந்து போதாது. நினைவை எடுக்க ஒன்று, நோவுக்கு ஒன்று, தேவைப்பட்டால் தசையைத் தளர்த்த இன்னொன்று. முதலில் கையில் ஏறுவது பெரும்பாலும் புரொபோபோல். பால் போல வெள்ளையாக இருக்கும், ஏறும்போது கை கொஞ்சம் எரியும், அவ்வளவுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் செவோபுளூரேன், ஐசோபுளூரேன் போன்ற ஆவிகளை மூச்சுக் காற்றோடு கலந்து கொடுத்து மயக்கத்தைத் தொடர்வார்கள். தசை தளர்ந்தவரால் தானாக மூச்சுவிட முடியாது. அதனால் தொண்டைக்குள் ஒரு குழாய் வைத்து, மெஷின் அவருக்காக மூச்சு விடும்.

1846 ஒக்டோபர் 16ஆம் தேதி பொஸ்டனில் வில்லியம் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியால் ஒருவரை மயக்கி, அவருடைய கழுத்துக் கட்டியை வெட்டலாம் என்று எல்லோர் முன்னாலும் காட்டினார். அதற்கு முன்பெல்லாம் நாலு பேர் அமத்திப் பிடிக்க, வேகமாக வெட்டுபவர்தான் கெட்டிக்கார டொக்டர்.

எல்லாருக்கும் முழு மயக்கம்தான் குடுப்பாங்களா?

பெரும்பாலான சின்ன வேலைகளுக்குத் தேவையே இல்லை. பல் பிடுங்கவும், காயம் தைக்கவும், சின்னக் கட்டி எடுக்கவும் அந்த இடத்தில் மட்டும் விறைப்பு ஊசி போடுவார்கள். கண்ணில் கட்டரக்ட் செய்யும்போதும் பெரும்பாலும் கண்ணை மட்டும் விறைக்க வைப்பார்கள். நீங்கள் முழிப்பாகவே இருப்பீர்கள். சீசர், ஹேர்னியா, தொடை எலும்பு முறிவு போன்றவற்றுக்கு முதுகில் போடும் ஊசி. கை முறிவுக்குக் கழுத்தடியிலோ கக்கத்திலோ நரம்பைத் தேடி மருந்து விட்டு, கையை மட்டும் மரக்கட்டை ஆக்கலாம். வயிறு, நெஞ்சு, மூளை என்று பெரிய வேலைகளுக்கு முழு மயக்கம்.

எது வேண்டும் என்று நீங்களும் கேட்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் "எனக்கு முழு மயக்கம்தான் வேணும், ஒண்டும் தெரியக்கூடாது" என்று அடம்பிடிக்கும் முன் காரணத்தைக் கேளுங்கள். நெஞ்சு முட்டு உள்ள ஒரு ஐயாவுக்கு முதுகு ஊசிதான் நல்லது என்று டொக்டர் சொன்னால், அவர் தன்னுடைய சௌகரியத்துக்காகச் சொல்லவில்லை.

மயக்க டொக்டர் ஊசியைப் போட்டுட்டுப் போயிடுவாராமே?

இந்தக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. சத்திரசிகிச்சை முடிந்து நீங்கள் கண் திறக்கும்வரை மயக்கத்துக்குப் பொறுப்பான ஒருவர் உங்கள் தலைமாட்டில் இருப்பார். மயக்க மருந்து நிபுணராக இருக்கலாம், அவருக்குக் கீழ் வேலை செய்யும், இதற்கெனப் பழகிய மருத்துவ அதிகாரியாக இருக்கலாம். நிபுணர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு இந்தத் துறையை மட்டும் பல வருடம் படித்தவர். இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, மூச்சோடு வெளியேறும் வாயு, உடம்புச் சூடு என்று அவர் பார்க்காத நிமிடம் கிடையாது.

விரலில் கிளிப் போல மாட்டுவார்களே, அது இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று காட்டுவது. 1974இல் தக்குவோ அயோயாகி என்ற யப்பானியப் பொறியியலாளர் கண்டுபிடித்த வழி அது. அதற்கு முன் உதடும் நகமும் நீலம் பாய்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள், நீலம் தெரியும்போது நேரம் போயிருக்கும். மயக்கம் இவ்வளவு பத்திரமானதற்கு மருந்தை விட இந்தச் சின்னக் கிளிப்புக்குத்தான் நான் கூடப் புள்ளி போடுவேன்.

நான் எழும்பாமலே போயிட்டா?

எல்லோருடைய கேள்வியும் இதுதான். சிலர் நேரே கேட்பார்கள், சிலர் "பிள்ளையள் சின்னன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார்கள்.

ஆரம்ப காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1848இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பிள்ளைக்குக் கால் நகம் ஒன்றைக் கழற்றக் குளோரபோம் கொடுத்தார்கள். சில நிமிடத்தில் இறந்துபோனாள். குளோரபோம் கொடுக்கத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்றைக்கு, வேறு வருத்தம் இல்லாத ஒருவருக்கு நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சையில், மயக்க மருந்தால் மட்டுமே உயிர் போவது ஏறத்தாழ 1 இலட்சம் பேரில் ஒருவருக்கு என்று வசதியான நாடுகளின் கணக்குகள் சொல்கின்றன.

ஆனால் அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. உங்கள் உடம்பு எப்படி, என்ன சத்திரசிகிச்சை, அவசரமாகச் செய்வதா ஆறுதலாகச் செய்வதா என்ற மூன்றையும் சேர்த்துத்தான் ஆபத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வருத்தமும் இல்லாதவர் முதலாம் வகுப்பு. கட்டுப்பாட்டில் உள்ள பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர் இரண்டாம் வகுப்பு. நாலு படி ஏற மூச்சு வாங்குபவர் மூன்று அல்லது நான்கு. உங்கள் கடதாசியில் ஏ.எஸ்.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண் இருந்தால் அது இதுதான். பதவி சிறிபுர என்ற ஊர்ப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதென்றால் சில மருந்துகள் உடம்பைவிட்டு வெளியேறப் பிந்தும், அளவை மாற்ற வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் டொக்டர் இருட்டில் நடக்கிறார்.

சிலருக்கு மருந்து ஒவ்வாமை வரும். உயிருக்கு ஆபத்தான அளவில் வருவது சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு என்று பிரித்தானியாவில் 2018இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் காரணம் மயக்க மருந்தல்ல. கூடவே கொடுக்கும் அன்டிபயோட்டிக்தான் அந்தப் பட்டியலில் முதலாவது. பெனிசிலின் போட்டு முன்பு எப்போதாவது உடம்பு தடித்திருந்தால் அதைச் சொல்லுங்கள்.

தண்ணிகூடக் குடிக்காதே எண்டு ஏன் வதைக்கிறாங்கள்?

மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். முழிப்பாக இருக்கும்போது ஒரு சோற்றுப் பருக்கை தவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் இருமித் தள்ளுகிறோம். மயங்கியவருக்கு அந்த இருமல் இல்லை. வயிற்றில் இருப்பது மேலே வந்து, அமிலத்தோடு சுவாசப்பைக்குள் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். பிள்ளைப் பெறும் தாய்மார் இப்படிப் பாதிக்கப்படுவதை 1946இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதி வைத்தார். பிரசவ வார்ட்டில் சாப்பாட்டைப் பற்றி ஏன் அத்தனை கெடுபிடி என்பதற்கு மூலம் அதுதான்.

பொதுவான கணக்கு இது: சோறு, புட்டு, பாண் என்றால் 6 மணித்தியாலம். கொத்து ரொட்டி, பிரியாணி என்று எண்ணெய்ச் சாப்பாடென்றால் 8. பசுப்பாலும் மாப்பாலும் 6. தாய்ப்பால் 4. வெறுந்தண்ணீர் 2.

எங்கள் ஊரில் பிழைப்பது பால்தேத்தண்ணியில்தான். "ஒண்டும் சாப்பிடேல்லை மிஸ், ஒரு வாய் தேத்தண்ணி மட்டும்" என்பார்கள். பால் விட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு. வெறுந்தேத்தண்ணி என்றால் தண்ணீர்க் கணக்கு. கந்தசஷ்டி பிடிக்கும் அம்மாமார் "விரதம், பால்பழம்தான்" என்று சொல்லும்போதும், கிண்ணியா மூதூர்ப் பக்கத்து ஆட்கள் நோன்பு மாதத்தில் "நோன்போட வந்திருக்கிறன்" என்று சொல்லும்போதும், எத்தனை மணிக்கு என்று கேட்டே ஆக வேண்டும். விடியப்பறம் நாலரைக்கு சஹர் சாப்பிட்டவர் எட்டு மணிக்கு வெறுவயிற்றுக்காரர் இல்லை.

ஒரு ஐயாவின் கதை சொல்கிறேன். ஹேர்னியாவுக்கு வந்தவர். டொக்டர் கேட்டார், நான் கேட்டேன், மகளும் பக்கத்தில் நின்று "ஒண்டும் இல்லை" என்றாள். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில், தள்ளுகிற தம்பியிடம் ஊர்க்கதை கதைத்தபடி, "மகள் புட்டும் சம்பலும் ஊட்டித்தான் விட்டவள், வெறுவயித்தில ஊசி தாங்குமே" என்றார். அந்தத் தம்பி ஓடிவந்து சொன்னான். நாள் தள்ளிப்போனது. ஐயாவுக்கு எங்கள் மேல் ஒரே கோபம், போகும்போது திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அந்தத் தம்பியின் காலில் விழலாம் போல இருந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. முதல் நாள் இரவு பத்து மணிக்கு வாயை மூடி, மறுநாள் பின்னேரம் இரண்டு மணிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய விடுவதும் பிழை. இந்த வெயிலில் தலை சுற்றும், நரம்பு பிடிபடாது, பிரஷர் இறங்கும். உங்கள் முறை பிந்துகிறது என்றால் "கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா" என்று வார்ட்டில் கேளுங்கள். கேட்காமல் குடிக்க மட்டும் வேண்டாம்.

என்ரை குளிசையளை என்ன செய்யிறது?

கிளினிக் கொப்பியையும், குளிசைகளை அவற்றின் பைகளோடும் கொண்டுவாருங்கள். "வெள்ளைக் குளிசை ஒண்டு, மஞ்சள் பாதி" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

பொதுவாக நடப்பது இப்படி. அற்றெனோலோல் போன்ற பிரஷர் குளிசையை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு போடச் சொல்வார்கள், திடீரென்று நிறுத்துவது கூடாது. லொசார்ட்டன், எனாலப்ரில் வகைப் பிரஷர் குளிசையை முதல் நாளோடு நிறுத்தச் சொல்வதுண்டு. மெற்போமின் அன்று காலையில் இல்லை, சாப்பாடு இல்லாதபோது சீனிக் குளிசை எதற்கு. எம்பாகிளிபுளோசின், டப்பாகிளிபுளோசின் போன்ற புதிய சீனிக் குளிசைகளை மூன்று நாளுக்கு முன்பே நிறுத்துவார்கள். இன்சுலின் அளவை டொக்டரே மாற்றித் தருவார். முட்டுக்கு இழுக்கும் பம்பை அன்றும் இழுத்துவிட்டு, கையோடு தியேட்டருக்கும் கொண்டு வாருங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசைகள்தான் பெரிய விசயம். வார்ப்பரின் என்றால் சுமார் 5 நாள், குளோப்பிடோகிரெல் என்றால் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட், அதாவது இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்தவர் தன்பாட்டில் நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளும். நிறுத்தாமல் வந்து அதைச் சொல்லாமலும் விட்டு முதுகில் ஊசி போட்டால், முள்ளந்தண்டுக்குள் இரத்தம் கட்டி கால் இயங்காமல் போகலாம். இரண்டு பக்கமும் கிடங்கு. டொக்டரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

அப்புறம், நாட்டு மருந்து. கோணேசபுரியில் கம்பஸிலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், நானும் காலில் நோவு வந்தால் எண்ணெய் பூசுகிறவள்தான். சித்த மருந்து எடுப்பதாகச் சொன்னால் இங்கிலிஷ் டொக்டர் ஏசுவார் என்று பயந்து மறைக்கிறார்கள். ஏசினால் ஏசட்டும். சில சூரணங்களும் உள்ளி, இஞ்சி மாத்திரைகளும் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். பெயர் தெரியாவிட்டால் போத்தலையே கொண்டுவந்து காட்டுங்கள்.

வெத்திலை, சிகரெட், சாராயம்?

மூன்றையும் சொல்ல வேண்டும். பாக்கும் புகையிலையும் பல வருடம் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் நார் போல இறுகி, வாய் திறக்காது. வாய் திறக்காவிட்டால் மூச்சுக் குழாய் வைப்பது பெரும் பாடு. கண்ணாடிக்கு முன் நின்று உங்கள் மூன்று விரல்களை நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் முன்கூட்டியே மயக்க டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் வேறு வழி ஆயத்தம் செய்வார்.

சிகரெட்டை ஒரு மாதத்துக்கு முன் விட்டால் நல்லது. முடியாதவர் ஒரு நாள் முன்பாவது விட்டால், இரத்தத்தில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு குறையும். சாராயமோ கசிப்போ, எவ்வளவு என்று உள்ளதைச் சொல்லுங்கள். மனைவிக்கு முன் சொல்ல வெட்கமென்றால் அவரை வெளியே அனுப்பச் சொல்லுங்கள், நாங்கள் எத்தனையோ தரம் அனுப்பியிருக்கிறோம். தினமும் குடிப்பவர் வார்ட்டில் இரண்டு மூன்று நாள் குடிக்காமல் கிடக்கும்போது நடுக்கமும் மாறாட்டமும் வரும். முன்பே தெரிந்தால் மருந்து இருக்கிறது.

சீசருக்கு முதுகில ஊசி போட்டா காலம் பூரா நாரி நோகுமா?

திருகோணமலையில் ஒரு வீட்டுக்கு ஒரு பெண்ணாவது இதைச் சொல்வாள். "அந்த ஊசி போட்ட நாளில இருந்து நாரி சரியில்லை." நோவு பொய்யில்லை. ஆனால் ஊசி போடாமல் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதே நோவு வருகிறது. வயிற்றில் பத்து மாதம் சுமந்தது, தளர்ந்த மூட்டுகள், பிறகு குனிந்து குனிந்து பால் கொடுப்பது, தண்ணீர்க் குடம். ஊசி குத்திய இடம் சில நாள் கண்டிப்போய் நோகலாம். வருடக்கணக்கான நோவுக்கு ஊசியே காரணம் என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை.

தலையிடிதான் உண்மையில் இந்த ஊசியோடு வருவது. முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நீர் ஊசித் துளையால் கசிந்தால், எழும்பி இருக்கும்போது தலை பிளக்கும், படுத்தால் குறையும். 1898இல் ஜேர்மனியில் ஓகஸ்ட் பியர் என்ற டொக்டர் இந்த ஊசியைத் தொடங்கினார். நோயாளிகளுக்கு ஏன் தலையிடிக்கிறது என்று பார்க்கத் தன் முதுகிலேயே உதவியாளரைக் கொண்டு குத்த வைத்தார். குழாயும் ஊசியும் பொருந்தாமல் நீர் ஒழுகிப்போக, அவரும் நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தார். இப்போது போடுவது பென்சில் முனை போன்ற மிக மெல்லிய ஊசி, அதனால் தலையிடி மிகவும் குறைந்துவிட்டது. வந்தால் சொல்லுங்கள். படுத்திருப்பது, தண்ணீர், கோப்பி, நோவுக் குளிசையோடு பலருக்கு மாறும். மாறாவிட்டால் உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் இரத்தம் எடுத்து, கசியும் இடத்துக்கு அருகில் விட்டு அடைப்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் பலர் அன்றைக்கே எழும்பி இருக்கிறார்கள்.

கால் இயங்காமல் போகுமா என்றால், பிரித்தானியாவில் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட முதுகு ஊசிகளைப் பார்த்து 2009இல் வெளியிட்ட கணக்கில், நிலையான பாதிப்பு 1 இலட்சத்துக்கு 2 முதல் 4 பேர்வரை. அதிலும் பிள்ளைப்பேற்றுப் பெண்களுக்கு இன்னும் குறைவு.

ஊசி போடும்போது இறால் மாதிரி வளையுங்கள், நாடி நெஞ்சில் படட்டும். எவ்வளவு வளைகிறீர்களோ அவ்வளவு கெதியாக வேலை முடியும். மருந்து ஏறியதும் கால் சூடாகி, பாரமாகி, உங்களுடையது இல்லாதது போல இருக்கும். பிள்ளையை எடுக்கும்போது யாரோ வயிற்றுக்குள் பாத்திரம் கழுவுவது போல ஒரு அசைவு தெரியும், நோவு இருக்காது. நோவு இருந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். சத்தி வருவது போல இருந்தால் பிரஷர் இறங்கியிருக்கும், அதற்கு மருந்து தலைமாட்டிலேயே இருக்கிறது.

நடுவில முழிச்சிட்டா?

முழு மயக்கத்தில் நினைவு திரும்பி, ஆனால் அசைய முடியாமல் கிடப்பது நடக்கக்கூடிய ஒன்றுதான், மறைக்கத் தேவையில்லை. 2014இல் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வில், 19,000 மயக்கத்துக்கு ஒன்று என்ற அளவில் முறைப்பாடு வந்திருந்தது. முழு மயக்கத்தில் செய்யும் சீசரில் இது கூடுதல், 670க்கு ஒன்று. சீசருக்கு முதுகு ஊசியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பு எப்போதாவது உங்களுக்கு அப்படி நடந்திருந்தால், "கனவாயிருக்கும்" என்று யாராவது சொன்னாலும் விடாமல் அடுத்த மயக்க டொக்டரிடம் சொல்லுங்கள்.

மயக்கத்தில உளறி வீட்டு இரகசியமெல்லாம் சொல்லிடுவனா?

முழு மயக்கத்தில் வாய் அசையாது. எழும்பும்போது சிலர் கொஞ்சம் கதைப்பார்கள். பெரும்பாலும் "மாட்டைக் கட்டியாச்சா?" வகைதான்.

சின்னப் பிள்ளைக்குக் குடுத்தா மூளைக்குப் பழுதா?

ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட ஒரு தடவை மயக்கத்தால் கைக்குழந்தைகளின் புத்திக்கு வித்தியாசம் இல்லை என்று, ஐந்து வயதுவரை பின்தொடர்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வு 2019இல் காட்டியது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல், அல்லது பல தடவை என்றால் யோசித்துச் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் அப்படி நீளும் வேலை பெரும்பாலும் தள்ளிப்போட முடியாததாகத்தான் இருக்கும்.

என் கவலை வேறு. தடிமன், சளி, காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டுவந்து, "நாள் கிடைச்சது, தவறவிடக்கூடாது" என்று மூக்கைத் துடைத்து மறைக்கிறார்கள். சளிப் பிள்ளைக்கு மயக்கத்தில் தொண்டை இறுகி மூச்சு அடைபடும் ஆபத்து கூடுதல். குச்சவெளியிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்தது எனக்கும் தெரியும். டொக்டர் திருப்பி அனுப்பினால் சில கிழமை பொறுத்துப் பிறகு வாருங்கள். பிள்ளை விரும்பும் துணியோ பொம்மையோ கூட வரட்டும். "ஊசி இல்லை, சும்மா பாக்கப் போறம்" என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

அம்மம்மாவுக்கு எண்பது வயசு. தாங்குமா?

வயதை விட வருத்தங்கள்தான் முக்கியம். எண்பது வயதில் கிணற்றில் தண்ணீர் அள்ளுபவரும் இருக்கிறார், அறுபதில் கட்டிலோடு கிடப்பவரும் இருக்கிறார். தொடை எலும்பு முறிந்து கிடக்கும் அம்மம்மாவை "வயசு போட்டுது, வேண்டாம்" என்று வீட்டில் வைத்திருந்தால் படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும்தான் கொண்டுபோகும். சத்திரசிகிச்சையை விடச் சும்மா கிடப்பதே பல நேரம் ஆபத்து.

ஒன்றுக்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள். இரண்டு மூன்று நாளைக்கு அறளை பேர்ந்த மாதிரிக் கதைக்கலாம், மகனைத் தம்பி என்று கூப்பிடலாம், இரவில் சேலைன் குழாயைப் பிடுங்கலாம். பெரும்பாலும் இது மாறும். கண்ணாடியையும் காது மெஷினையும் எழும்பியவுடன் கொடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து கதைத்தால் நல்லது, அது மருந்துக்குச் சமம்.

எங்கட பரம்பரையில ஒருத்தர் மயக்கத்தில நல்லாக் கஷ்டப்பட்டவர். அது எனக்கும் வருமா?

வரலாம், அதனால் கட்டாயம் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் சக்சாமெதோனியம் என்ற மருந்து சில நிமிடத்தில் கரைய வேண்டும். அதைக் கரைக்கும் நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு மணித்தியாலக் கணக்கில் மூச்சு திரும்பாது, அதுவரை மெஷினில் வைத்திருப்பார்கள். தாய் தகப்பன் இருவர் பக்கமும் இருந்து வந்தால்தான் முழுதாகத் தெரியும். மச்சான் மச்சாள் கல்யாணம் கூடிய எங்கள் குடும்பங்களில் அதனால்தான் கவனம் வேண்டும். இன்னொரு பரம்பரை நோயில் சில மருந்துகளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்து, தசை விறைக்கும். மிக அரிது, ஆனால் அப்படியொரு கதை குடும்பத்தில் இருந்தால் அந்த மருந்துகளைத் தொடாமலே மயக்கம் கொடுக்க முடியும். "பெரியப்பா மயக்கத்தில செத்தவர்" என்ற கதையைச் செத்த வீட்டோடு விடாமல், எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு வையுங்கள்.

2023இல மருந்து பிழை எண்டு நியூஸில வந்ததே?

வந்தது. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில், முதுகில் போடும் ஒரு மயக்க மருந்தும் பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது. அந்த வருடம் கேட்ட பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். மருந்து எந்தக் கம்பனி என்று நோயாளி கேட்டுப் பிரயோசனமில்லை. ஆனால் மருந்து ஏறியபின் உடம்பில் புதிதாக எது தெரிந்தாலும், கடி, மூச்சு முட்டு, நெஞ்சுப் படபடப்பு எதுவானாலும் அந்த நிமிடமே சொல்லுங்கள். ஒரு மருந்தில் பிழை இருக்கிறது என்பது அப்படி ஒவ்வொருவராகச் சொல்லித்தான் வெளியே வரும்.

தாலி, மூக்குத்தி, பல் செட், மருதாணி?

உலோகம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். தாலி கழற்ற மனமில்லாவிட்டால் முன்பே தாதியிடம் கதையுங்கள். மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டி வருபவர்கள் இருக்கிறார்கள். பல் செட்டையும் ஆடும் பல்லையும் சொல்லாமல் விட்டால் அது தொண்டைக்குள் போகும். கியூட்டெக்ஸைத் துடைத்துவிட்டு வாருங்கள், விரல் கிளிப் சரியாக வாசிக்காது. மருதாணி துடைக்க முடியாது, பரவாயில்லை, வேறு விரலோ காதோ பார்ப்பார்கள்.

டொக்டர் சிங்களத்தில சொன்னார், தலையாட்டிக் கையெழுத்து வைச்சிட்டன். சரிதானே?

சரியில்லை. அனுமதிப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். எங்கள் ஊரில் எந்த வார்ட்டிலும் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவராவது இருப்பார், விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். எந்த மயக்கம், ஏன் அது, எனக்கு உள்ள வருத்தத்தால் என்ன கூடுதல் ஆபத்து, பிறகு நோவுக்கு என்ன தருவீர்கள் என்ற நாலையும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

எழும்பின பிறகு எப்பிடி இருக்கும்? வீட்டை வந்து என்ன செய்யக்கூடாது?

குளிரால் பல் அடிக்கும் அளவுக்கு நடுங்கலாம், திருகோணமலை வெயிலிலும். போர்த்துவிடுவார்கள், அடங்கும். முழு மயக்கத்துக்குப் பிறகு மூன்று பேரில் ஒருவருக்குச் சத்தி அல்லது குமட்டல் வரும். பெண்களுக்கும், சிகரெட் குடிக்காதவர்களுக்கும், பஸ்ஸில் சத்தி எடுப்பவர்களுக்கும் இது கூடுதல். முன்பே சொன்னால் தடுக்க மருந்து போடுவார்கள். தொண்டை இரண்டு நாளைக்குக் கரகரக்கும். முதுகு ஊசிக்குப் பின் சலம் போகப் பிந்தினால் தாதியிடம் சொல்லுங்கள், வெட்கப்பட்டு அடக்காதீர்கள்.

அன்றைக்கே வீட்டுக்கு விட்டால், 24 மணித்தியாலம் மோட்டார் சைக்கிள் இல்லை, படகில் ஏறிக் கடலுக்குப் போவதில்லை, அடுப்படியில் தனியாக நிற்பதில்லை, காணி உறுதியில் கையெழுத்தும் இல்லை. தலை தெளிந்தது போல இருக்கும், ஆனால் தெளிந்திருக்காது. ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

எழும்பினால் பிளக்கும் தலையிடி, கால் விறைப்பு திரும்பி வருவது, சலம் மலம் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு முதுகு நோவு, மூச்சு முட்டு, நிற்காத சத்தி என்றால் விடியும்வரை பொறுக்க வேண்டாம். ஈச்சிலம்பற்றோ தம்பலகாமமோ, எங்கிருந்தாலும் 1990க்கு அடித்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஏறும்போது ஆஸ்பத்திரியில் தந்த துண்டையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.